முப்பதாம் நாள் அடித்த மருந்து

என் மகனுக்கு,

வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் உன் மருந்துக் கம்பனியின் சார்பில் நீ பேசப்போகிறாய் என்ற அறிவித்தலை நேற்றுச் சங்கக்கடைச் சுவரில் பார்த்தேன். கழுத்துப்பட்டி கட்டிய படமும் போட்டிருக்கிறார்கள். பெயருக்கு முன்னால் ‘மண்ணின் மைந்தன்’ என்று இருக்கிறது. ஏழு வருடத்தில் நீ இரண்டு தரம் வந்தாய். இரண்டு தரமும் வீட்டு முற்றத்தைத் தாண்டி வயல் பக்கம் போகவில்லை. ஆகவே பட்டம் பொருத்தமானதுதான். இந்த மண்ணிலேயே கிடப்பவர்களை யாரும் அப்படி அழைப்பதில்லை.

போன கிழமை தொலைபேசியில் சொன்னாய்: “அம்மா, நான் பெரிசா ஒண்டும் பேசப்போறேல்லை. விதைச்சு முப்பது நாளுக்குள்ள ஒரு மருந்து, அதைத் தவறவிடாதேங்கோ எண்டு மட்டும் சொல்லப்போறன். ஏன் எண்டு கேட்டால் என்ர வயலைச் சொல்லுவன். என்ர கண்ணால கண்டதுதானே.” நான் “சாப்பிட்டியா?” என்று கேட்டேன். “ஓம்” என்றாய். “என்ன சாப்பிட்டனி?” என்று கேட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லத் துணிவில்லாத தாய் சாப்பாட்டைப் பற்றி எவ்வளவு நேரமும் பேசலாம். பன்னிரண்டு நிமிடம் பேசினோம். அதில் ஒரு நிமிடம் போதுமாயிருந்தது இதைச் சொல்ல: நீ மருந்தே அடிக்காமல் விளைவித்துக் காட்டப்போகிறேன் என்று சொன்ன அந்த வயலுக்கு மருந்து அடிக்கப்பட்டது. அடிப்பித்தது நான்.

இதைத் தனிக் கடிதமாக எழுதி உன் கொழும்பு முகவரிக்கு அனுப்பியிருக்கலாம். நீ வாசித்துவிட்டு மடித்து வைத்திருப்பாய். அம்மாவை யாரும் குறை சொல்லக்கூடாது என்று செவ்வாய்க்கிழமை அதே பேச்சைப் பேசியும் இருப்பாய். அந்த அளவுக்கு உன்னை நல்ல பிள்ளையாக வளர்த்துவிட்டேன். நீ தோற்றது ஊர் பார்க்க. நீ தோற்கவில்லை என்பதை மட்டும் உறைக்குள் ஒட்டி அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆகவேதான் பத்திரிகையில் எழுதுகிறேன். மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். பக்கத்து வயல்காரரைச் செல்வராசா அண்ணை என்று வைத்துக்கொள். அவருக்கு எந்தப் பெயர் வைத்தாலும் ஊர் கண்டுபிடித்துவிடும். அதற்கு அவர் கோபிக்கவும் மாட்டார்.

நான் முப்பத்திரண்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். ‘புதிய விஞ்ஞானக் கருத்துகள் தோன்றும்போது அவை எதிர்க்கப்படுவதற்கான காரணங்கள் நான்கு தருக’ என்ற கேள்வியை எத்தனை தவணைப் பரீட்சைக்குப் போட்டிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. அறியாமை, பழக்கம், பயம், தன்னலம். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. உதாரணம் எழுதினால் இன்னும் ஒன்று. கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னவரைப் புவியியலாளர்கள் சிரித்துத் தள்ளியதையும், அவர் பனிப்பாலைவனத்தில் இறந்து பல வருடங்களுக்குப் பிறகு அதே ஆட்கள் அதைப் பாடப்புத்தகத்தில் சேர்த்ததையும் நான் மிகவும் கவலையோடு சொல்லுவேன். பிள்ளைகளும் மிகவும் கவலையோடு எழுதிக்கொள்வார்கள். தாயின் பாசம் என்று ஐந்தாவதாக ஒரு காரணத்தை எந்தப் பிள்ளையாவது எழுதியிருந்தால் சிவப்புப் பேனாவால் வெட்டியிருப்பேன்.

அந்தப் பாடத்தில் நீ கேட்ட கேள்வி ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. போர் முடிந்த கையோடு, செட்டிகுளம் அகதி முகாமில் ஒரு தறப்பாளுக்குக் கீழே, புத்தகமும் கரும்பலகையும் இல்லாமல், முப்பது நாற்பது பிள்ளைகளை இருத்தி வாயாலேயே பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். உன் அப்பா அந்த முகாம்வரை வந்து சேரவில்லை. உனக்குப் பதினைந்து வயது. பிள்ளைப்பேற்று விடுதிக்குள் போகுமுன் கை கழுவுங்கள் என்று சொன்னதற்காகச் சக வைத்தியர்கள் வெறுத்து ஒதுக்கிய ஒருவரின் கதையைச் சொன்னேன். கடைசியில் அவரைப் பைத்தியக்கார விடுதியில் அடைத்தார்கள். கை கழுவ எங்களிடமும் தண்ணீர் இல்லாத இடத்தில் அந்தக் கதையைத் தெரிந்தெடுத்தது என் பகிடியா, பிழையா என்று தெரியவில்லை. நீ எழும்பி, “கழுவிப் பாத்தால் முடிஞ்சுதுதானே ரீச்சர், ஏன் கோவிச்சவை?” என்று கேட்டாய். வகுப்பில் நீயும் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது எங்களுக்குள் இருந்த சட்டம். நான் யோசித்துச் சொன்னேன்: “கழுவினால் தாய்மார் சாகேல்லை எண்டு ஒத்துக்கொண்டால், அதுக்கு முதல் செத்த தாய்மாரைத் தங்கட கைதான் சாகடிச்சது எண்டும் ஒத்துக்கொள்ளோணும். அது கஷ்டம்.” நல்ல பதில். அதைச் சொன்னவளுக்கு அதன் பொருள் விளங்க இன்னும் பல வருடம் எடுத்தது.

நீ பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்துவிட்டு வந்து, உன் அப்பாவின் இரண்டு ஏக்கரையும் பரிசோதனைக்குக் கேட்டபோது எனக்குப் பெருமைதான். நீ சொன்ன விடயமும் எனக்கு உடனே விளங்கியது. சாற்றை உறிஞ்சி நெல்லை எரித்ததுபோலக் காயவைத்துவிட்டுப் போகும் கபில நிறத் தத்திப் பூச்சியைத் தின்பதற்கு வயலிலேயே ஆட்கள் இருக்கிறார்கள்: வலை கட்டாமல் ஓடித் திரியும் சிலந்திகள், முட்டையை உறிஞ்சும் சின்னப் பூச்சிகள். விதைத்த முதல் நாற்பது நாளுக்குள் வேறு எதற்காகவோ அடிக்கும் மருந்தில் முதலில் சாவது இந்தச் சிலந்திகள்தான். தத்தியின் முட்டையோ தண்டின் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. பத்து நாளில் குஞ்சுகள் வெளியே வந்து பார்த்தால் தின்ன நெல் இருக்கிறது, தங்களைத் தின்ன ஒருவரும் இல்லை. ஆகவே, தத்தி வரும் என்று பயந்து அடிக்கும் மருந்துதான் தத்தியைக் கொண்டுவருகிறது. உணவுச் சங்கிலியைப் புல்லிலிருந்து பருந்துவரை ஆயிரம் தரம் கரும்பலகையில் கீறியவளுக்கு இதில் விளங்காமல்போக என்ன இருக்கிறது?

கமக்காரர் கூட்டத்தில் நீ இதைச் சொன்ன நாள் உனக்கு நினைவிருக்கும். தண்ணீர் திறக்கும் திகதியைத் தீர்மானிக்க வந்தவர்களுக்கு நீ வெள்ளைத் தட்டில் சிலந்தி கொண்டுவந்து காட்டினாய். அது என் குசினித் தட்டு. தட்டு கையிலிருந்து கைக்குப் போனது. சிலந்தி மட்டும் பாதி வழியில் இறங்கிவிட்டது.

“தம்பி, இதுக்கு நெல்லா குடுக்கிறது, சம்பளமா குடுக்கிறது?” என்று செல்வராசா அண்ணை கேட்டார்.

“ஒண்டும் வேண்டாமண்ணை. நாற்பது நாளைக்கு மருந்தடிக்காமல் விட்டால் காணும்.”

“நாற்பது நாள் நாங்கள் என்ன செய்யிறது? வரம்பில இருந்து சிலந்தியைப் பாத்துக்கொண்டிருக்கிறதோ?”

“ஓமண்ணை. எண்ணிக்கொண்டிருக்கோணும்.”

மண்டபம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், “ரீச்சற்ற மோன் எல்லே, சிலந்திக்கும் இடாப்பில பேர் கூப்பிடுவார்” என்றார். அதற்கு நானும் சிரித்தேன். அதை நீ திரும்பிப் பார்த்தாய். தலைவர், மேலிடத்திலிருந்து அறிவித்தல் வரும்வரை சிலந்தி பற்றிய விடயத்தை ஒத்திவைப்பதாகச் சொல்லி, தண்ணீர்த் திகதிக்குப் போனார். கூட்டம் முடிந்தபின் உன்னிடம் வந்து விபரம் கேட்டது ஒரே ஒரு ஆள்: வாய்க்கால் கடைக்கோடியில் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்த பார்வதி. மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம். “மருந்து வாங்க எங்கிட்ட வழியில்ல தம்பி. நீங்க சொல்றதுதான் எனக்குத் தோது” என்றாள். நீ கண்டுபிடித்த முதல் சீடப்பிள்ளை அவள்தான். புதிய உண்மையை முதலில் ஏற்றுக்கொள்பவர்கள் பழைய பொய்யை வாங்க வழியில்லாதவர்கள் என்று அன்றைக்கு நான் குசினியில் தனியாக இருந்து நினைத்துச் சிரித்தேன். அது நல்ல பகிடியாகத்தான் இருந்தது, பிறகு நடந்ததை அறியாதவரைக்கும்.

விதைத்து இருபத்தைந்தாம் நாளளவில் மடிச்சுக்கட்டி வந்தது. இலையை மடித்து உள்ளே இருந்து சுரண்டித் தின்னும் புழு. எங்கள் வயல் வெள்ளை வெள்ளையாகக் கிழிந்து தெரிந்தது. மருந்தடித்த பக்கத்து வயல்களெல்லாம் பள்ளிக்கூடப் படத்தில் இருப்பதுபோலப் பச்சை. “இந்தப் பருவத்தில இலை போனால் பயிர் திரும்ப விடும் அம்மா, விளைச்சல் குறையாது, பயப்பிடாதேங்கோ” என்று நீ சொன்னாய். அதையும் நான் விளங்கிக்கொண்டேன். ஆனால் விளங்கிக்கொண்டவள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலுக்குப் போகவேண்டியிருந்தது. அங்கே செல்வராசா அண்ணையின் மனைவி என் கையைப் பிடித்து, “தாயும் பிள்ளையுமா எவ்வளவு கஷ்டப்பட்டு வந்தனீங்கள், கடவுள் இப்பிடியும் சோதிப்பாரோ?” என்று கேட்டா. சண்டை பிடித்திருந்தால் நின்றிருப்பேன். பரிதாபத்தை எதிர்த்து நிற்க எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. ஒருநாள் அவா இன்னும் ஒன்று சொன்னா: “படிச்ச பிள்ளை எண்டு விடாதேங்கோ அக்கா. ஊர் சிரிச்சால் பிள்ளை தாங்கமாட்டுது.” அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. உன் ஆராய்ச்சி பிழையாகிப்போகுமோ என்றல்ல. நீ சிரிக்கப்படுவாயோ என்று. பசி வந்தால் சமாளிக்கலாம், அதைச் சமாளித்திருக்கிறோம். இருந்த ஒரே பிள்ளை ஊருக்கு முன்னால் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க என்னால் முடியாது என்று நினைத்தேன். பிறகு அதையும் பார்த்தேன்.

முப்பதாம் நாள் நீ பேராதனைக்குப் போனாய், உன் பேராசிரியரைச் சந்திக்க. நீ போன பஸ் பிரதான வீதியில் திரும்பிய சத்தம் கேட்டவுடன் நான் யோகனுக்கு ஆள் அனுப்பினேன். ஊரில் எல்லோருக்கும் மருந்தடித்துக் கொடுக்கும் பொடியன் அவன். மெசினைத் தோளில் கொழுவிக்கொண்டு வந்து நின்றான்.

“ரீச்சர், தம்பி அடிக்கவேண்டாமெண்டு சொன்னவரெல்லே?”

“அதுதான் அவன் இல்லாத நேரம் பாத்துக் கூப்பிட்டனான்.”

“வந்து கேட்டால்?”

“காற்றில செல்வராசா அண்ணையின்ர வயலால வந்த மணம் எண்டு நான் சொல்லுறன். நீ வாயைத் திறக்காதை.”

அவன் தலையைச் சொறிந்தான். “எத்தினை மூடி ரீச்சர்?” எங்கள் ஊரில் மருந்தை அளப்பது போத்தல் மூடியால். ஒரு மெசின் தண்ணீருக்கு இரண்டு மூடி என்று போத்தலில் எழுதியிருந்தது. அளவுச்சாடியில் நீரின் வளைவான அடிப்பிறையைக் கண்மட்டத்தில் வைத்து வாசிக்கவேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் படிப்பித்த நான், “மூண்டாய்ப் போடு” என்றேன். அவன் அடித்து முடிக்கும்வரை வரம்பில் நின்றேன். மருந்து பட்ட இடங்களில் சிலந்திகள் தண்ணீருக்கு மேலே வந்து, காலை மடித்து மிதந்தன. நான் அவற்றைப் பார்த்தேன். எண்ணவில்லை.

அடுத்த நாள் மாலை நீ வந்து வரம்பில் நின்று மூக்கைச் சுருக்கினாய். நான் ஆயத்தமாக வைத்திருந்த வசனத்தைச் சொன்னேன். நீ நம்பினாய். ‘அயல் வயலிலிருந்து காற்றில் மருந்து’ என்று கொப்பியில் எழுதியும் வைத்தாய். மூன்று நாள் கழித்துப் பயிரைத் தட்டுக்குள் தட்டி எண்ணிவிட்டுச் சிலந்தி குறைந்திருக்கிறது என்று கவலைப்பட்டாய். மழை என்று சொன்னேன். அதையும் நம்பினாய். உன்னுடைய ஆராய்ச்சி முறையில் நான் கண்ட ஒரே குறை இதுதான்: அம்மா சொன்னதை நீ சரிபார்க்கவில்லை.

இலை மறுபடி பச்சை பிடித்தது. கோயிலில் என் கையை யாரும் பிடிக்கவில்லை. இருபத்தைந்து நாள் நிம்மதியாக இருந்தேன். அதற்குப் பிறகு வயல் நடுவில் ஒரு பாய் அளவுக்கு மஞ்சள் தெரிந்தது. ஒரு கிழமையில் அது வீட்டளவு வட்டமாகிக் காய்ந்தது. பிறகு அப்படி ஆறு வட்டம். பிறகு வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. தண்டின் அடியைத் தட்டினால் தத்தி உமிபோலக் கொட்டியது. செல்வராசா அண்ணையின் வயலிலும் வட்டம் விழுந்தது, அதை நீயும் பார்த்தாய். அவர் இன்னும் மூன்று தரம் அடித்து அரைவாசியைப் பிடித்துக்கொண்டார். மருந்தடித்த வயல் எரிந்தால் அது தத்தியின் குற்றம். அடிக்காத வயல் எரிந்தால் அது படிப்பின் குற்றம். ஊரின் கணக்கு அப்படித்தான் இருந்தது. எங்கள் வயல் இந்த இரண்டில் எந்த வகை என்று தெரிந்தவள் ஊரில் நான் ஒருத்திதான், யோகனைத் தவிர.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் காலையில் இன்றைக்குச் சொல்வது என்று எழும்புவேன். நீ வரம்பில் குந்தியிருந்த இருப்பைப் பார்த்தால், இதற்கு மேல் இதையும் எப்படிச் சொல்வது என்று திரும்பிவிடுவேன். நான் சொல்லாமல் விட்ட அந்த நாட்களில்தான் நீ நேர்மையான காரியம் ஒன்றைச் செய்தாய். கூட்டத்தைக் கூட்டி, எல்லோருக்கும் முன்னால் எழும்பி, “நான் சொன்னது பிழை. என்ர வயலைப் பாருங்கோ” என்றாய். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் அவ்வளவு பயந்த சிரிப்பு வரவேயில்லை, மகனே. செல்வராசா அண்ணை உன் தோளில் கை போட்டு, “விடு தம்பி, படிச்சவைக்கும் பிழை வாறதுதானே” என்றார். கூட்டத்திலிருந்து நேரே பார்வதியின் வயலுக்குப் போனாய். நானும் பின்னால் வந்தேன். அவளுடைய ஒன்றரை ஏக்கர் ஒரு வட்டமும் விழாமல், மணி பிடிக்கத் தொடங்கி நின்றது. இன்னும் தத்தி வரவில்லை, வருமுன் காப்பாற்ற வேண்டும் என்று நீ சொன்னாய். அவள் தயங்கினாள். “நல்லாத்தானே இருக்கு தம்பி?” என்றாள். “என்ர வயலும் போன மாதம் நல்லாத்தான் இருந்தது அக்கா” என்றாய். மருந்தை நீயே வாங்கிக்கொடுத்தாய், நீயே அடித்தும் கொடுத்தாய். நான் வாய்க்கால் கட்டில் நின்றேன். பேசாமல் இருப்பதற்கு அதைவிட மோசமான இடம் உலகத்தில் எனக்குத் தெரியாது. மூன்று கிழமையில் அவளுடைய வயலும் எரிந்தது. அறுவடைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

பேராசிரியர் இன்னொரு போகம் செய்து பார்க்கச் சொன்னார். “இன்னொருக்கா ஆரின்ர வயலை எரிக்கிறது?” என்று நீ கேட்டாய். கொழும்பில் மருந்துக் கம்பனி வேலைக்கு விண்ணப்பித்தாய். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. விற்பது அவர்களுடைய தொழில். நீ விற்கும் ஒவ்வொரு போத்தலையும் நம்பி விற்கிறாய் என்பதுதான் எனக்குள் கிடந்து அறுப்பது.

இப்போது இங்கே என்ன நடக்கிறது என்று உனக்குச் சொல்லவேண்டும், நீ தொலைபேசியில் கேட்பதில்லை. நாட்டில் மருந்தும் உரமும் கிடைக்காமல் போன காலத்தில், விளைச்சல் குறைந்ததென்று எல்லோரும் அழுதார்கள். உரம் இல்லாத விளைச்சல் குறையத்தான் செய்யும். ஆனால் தத்தி வரவில்லை. அதைக் கொஞ்சப்பேர் கவனித்தார்கள். பிறகு மருந்து திரும்பி வந்தது, விலை மூன்று மடங்காக. இளம் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிறப்படம் போட்ட துண்டுப்பிரசுரத்தோடு வந்தார், படத்தில் சிலந்தி. ஊர் கேட்டது. ஆதாரத்தைப் பார்த்துக் கேட்டதாக நான் நினைக்கவில்லை. போத்தலின் விலையைப் பார்த்துக் கேட்டது. எந்த வழியாக வந்தாலும் உண்மை உண்மைதான் என்று நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன். போன ஐப்பசிக் கூட்டத்தில் எழும்பி, “பிள்ளையள், சிலந்தி எங்கட ஆள். நாற்பது நாளைக்கு மெசினைத் தொடாதேங்கோ” என்று பேசியவர் யார் என்று நினைக்கிறாய்? செல்வராசா அண்ணைதான். “இது எங்கட ஐயா அந்தக் காலத்திலயே சொன்னது” என்றும் சேர்த்துச் சொன்னார்.

“ஐயா சொல்லேக்க நீங்கள் எங்க இருந்தனீங்கள் அண்ணை?” என்று கேட்டேன்.

“நான் அப்ப சின்னப்பிள்ளை ரீச்சர். விளையாட்டுப் புத்தி” என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

எதிர்த்தவர்கள் எல்லோரும் மாறிவிட்டார்கள். இந்தக் கருத்துக்கு இந்த ஊரில் மிஞ்சியிருக்கும் கடைசி எதிரி, அதை முதலில் கொண்டுவந்தவன். படித்தவன், கண்ணால் கண்டவன், பொய் சொல்லாதவன். அவன் சொன்னால் ஊர் மறுபடியும் தடுமாறும். உன்னை அப்படி ஆக்கியது அறியாமையும் இல்லை, தன்னலமும் இல்லை. வயலில் நடந்ததைப் பார்த்து நீ எடுத்த முடிவு சரியானது. உனக்குக் காட்டப்பட்ட வயல்தான் பொய்.

அறிவித்தலைப் பார்த்த கையோடு நான் மாங்குளத்துக்கு பஸ் ஏறினேன். பார்வதி இப்போது சந்திக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இடியப்பம் அவிக்கிறாள். கடைக்குப் பின்னால் என்னை ஒரு கதிரையில் இருத்திவிட்டு, உரலைப் பிழிந்துகொண்டே கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவது மூடியையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. ஒரு தட்டு முழுவதும் பிழிந்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

“அன்னைக்கு வாய்க்காக் கட்டுல நின்னீங்களே டீச்சர். அப்பவும் தெரியுமா?”

“ஓம்.”

“மன்னிச்சிருன்னு கேக்காதீங்க. எனக்குச் சொல்ல வராது.” அடுத்த தட்டை எடுத்தாள். “எங்க பொழப்பு எடம் மாறி எடம் மாறித்தான். வயலு போச்சு, இது கெடச்சிச்சு. தம்பி அப்படி இல்ல. ஒண்ணக் கண்ணால பாத்துட்டா அதோடயே நின்னுருவாரு. அவருக்குத் தெரியுமா?”

“இன்னும் சொல்லேல்லை.”

“அப்ப எங்கிட்ட என்னா பேச்சு? எம் மகன் இந்தப் போகம் ரெண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருக்கான். செவ்வாக்கெழம கூட்டத்துக்கு வாறானாம். அந்த அண்ணன் என்னா சொல்றாரோ அதத்தான் செய்வேங்கிறான். போங்க டீச்சர். அவருகிட்டப் போய்ச் சொல்லுங்க.”

தேத்தண்ணி தரவில்லை. அதற்குப் பிறகும் நான் தொலைபேசியை எடுக்கவில்லை; எடுத்தால் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்பேன் என்று எனக்குத் தெரியும். ஆகவே எழுதுகிறேன்.

நீ இதை நம்பமாட்டாய் என்பதையும் யோசித்துப் பார்த்தேன். வயதுபோன தாய், மகனின் பழைய தோல்வியைத் துடைக்கத் தன் தலையில் பழியைத் தூக்கிப் போடுகிறாள் என்று நினைப்பாய். அப்படிச் செய்யக்கூடியவள்தான் நான். எனக்குச் சாட்சி இல்லை. யோகன் கட்டாருக்குப் போய்விட்டான். ஏழு வருடம் பொய் சொன்ன ஒருத்தி திடீரென்று உண்மை சொல்கிறேன் என்றால், அதை ஏற்றுக்கொள்ளாமல் விடுவதுதான் உன் படிப்புக்கு மரியாதை. ஏற்றுக்கொண்டால் பார்வதியின் வயலை உன் கைதான் எரித்தது என்பதையும் நீ ஏற்றுக்கொள்ளவேண்டி வரும். அந்தப் பாரத்தை உனக்குத் தருகிறேன் என்பது எனக்குத் தெரிந்தே இருக்கிறது. மருந்து உன் கையில் இருந்தது. வயலை எரித்தது என் வாய். இதைப் பிரித்துப் பார்க்க உனக்கு எவ்வளவு காலம் எடுக்குமோ தெரியாது. அதற்குள் நான் இருப்பேனோ என்பதும் தெரியாது.

ஆகவே என்னை நம்பு என்று கேட்கவில்லை. குத்தகைக்கு விட்டிருந்த அப்பாவின் இரண்டு ஏக்கரை இந்தக் காலபோகத்துக்கு நான் திருப்பி எடுத்து விதைப்பித்திருக்கிறேன். இன்றைக்கு முப்பத்திரண்டாம் நாள். மருந்து அடிக்கவில்லை. மடிச்சுக்கட்டி வந்திருக்கிறது, இலை வெள்ளையாகக் கிடக்கிறது, பார்க்க நல்லாயில்லை. நான் அடிக்கவில்லை என்று சொல்வதையும் நீ நம்பத் தேவையில்லை. தட்டை எடுத்துக்கொண்டு இறங்கி நீயே எண்ணு. செவ்வாய்க்கிழமைக்கு முதல் வா. மண்டபத்துக்குப் போகுமுன் வயலுக்கு வா. எண்ணிய பிறகு என்ன பேசுவது என்பது உன்னுடைய விருப்பம். நான் கூட்டத்துக்கு வரவும் மாட்டேன். ஆனால் அறுவடைவரை இதைச் செய்து பார்க்கத் தீர்மானித்தால் ஒரு காரியம் செய். வயலைச் சுற்றி முட்கம்பி அடி, படலைக்குப் பூட்டுப் போடு, சாவியை உன்னோடு கொண்டுபோ. அம்மாவை உள்ளே விடாதே.

அம்மா